கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி' யாரைக் குறிக்கிறது?

யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரை. பால்டிக் பகுதியில், இன்றைய லாட்வியாவில், 1728-இல் பிறந்தவர். சுவீடனில், செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்தவர். ஐஸ்லாந்தில் செடி சேகரித்த பிறகு, 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு டேனிஷ் கிறித்தவ மிஷனின் மருத்துவராக வந்தார்.

வைத்தியம் பார்ப்பதுதான் வேலை, மனமெல்லாம் செடிகளில். உலர்த்திய மாதிரிகளைக் கப்பலில் லின்னேயஸுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரும் 1771-லேயே கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகி' என்று மாணவரின் பெயரைச் சூட்டிவிட்டார். பிற்காலத்தில் அது 'முர்ராயா கோனிகி' ஆனது. பல பாடநூல்களில் இந்தப் பெயரைத்தான் பார்த்திருப்பீர்கள்.

மிஷன் சம்பளம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. அதனால் 1774-இல் ஆற்காடு நவாபிடம் சேர்ந்தார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். கம்பெனிக்குத் தேவை விற்கக்கூடிய பொருள்கள். அதற்காகவே சயாம் (இன்றைய தாய்லாந்து), மலாக்கா வரை போய்வந்தார். இலங்கையிலும் சேகரித்திருக்கிறார்.

1785-இல் காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் சீதபேதியால் இறந்தார். கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிவைத்திருந்தார். இந்தியத் தாவரவியலில் பெரும்புகழ் பெற்ற ராக்ஸ்பர்க் கோனிக்கின் நண்பர். நவீனத் தாவரவியலை இங்கே தொடங்கிவைத்தவர்களில் கோனிக்குக்கு முதல் வரிசை இடம் தரலாம் என்பது என் கருத்து. ஆனால் அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் அடுப்படியில் கறிவேப்பிலை தாளித்தவர்கள் யாருடைய பெயரும் அந்த இலைக்கு வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.