ஒன்றரை மணி நேர வகுப்பு, ஐந்து மணி நேர உழைப்பு

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளையும் (வயது 9, 12) வீட்டிலேயே படிக்கவைக்கிறேன். நான் வேதியியல் படித்தவள் என்பதால் வாரம் ஒருநாள் அவர்களுக்கு அறிவியல் சோதனைகள் செய்து காட்டுவேன். அதைப் பார்த்துவிட்டு, எங்களைப் போலவே ஹோம்ஸ்கூலிங் செய்யும் சில குடும்பங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் பிள்ளைகளுக்கும் நடத்தச் சொல்கிறார்கள். 8 பிள்ளைகள் வரக்கூடும். வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், 10 வாரம் என்று திட்டம். வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கும் பகுதிநேர வேலை செய்கிறேன். அதில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தில் பாதியை, ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக் கட்டணமாக வைக்க நினைக்கிறேன். சாமான் செலவைத் தனியாக வாங்கிக்கொள்வேன். ஒரு சின்னக் கூடம் பார்த்திருக்கிறேன். வாடகை, வகுப்புக்கு ஒரு மணிச் சம்பளம் அளவு வரும். மைக்ரோஸ்கோப் முதலியவற்றுக்கு 24 மணிச் சம்பளம் அளவு சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் நாலு மணிச் சம்பளம் கிடைக்கிறதே, புரூஃப் வேலையை விட்டுவிட்டு இதையே முழுதாகச் செய்யலாமா? இன்னொன்று: நெருங்கிய தோழிகள் இருவர், தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணம் இருக்காது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது? குடும்பம் பெரும்பாலும் கணவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வகுப்பைத் தாராளமாகத் தொடங்குங்கள். வேலையை இப்போது விடாதீர்கள்.

உங்கள் கணக்கில் பிள்ளைகள் எதிரே நிற்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் இருக்கிறது. காப்பர் சல்ஃபேட் படிகம் வளர்க்கும் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் அது 20 நிமிட வேலை. ஆனால் நூலில் கட்டித் தொங்கவிட விதைப் படிகம், அதாவது பெரிய படிகம் வளரத் தொடக்கமாகும் குட்டிப் படிகம், வேண்டும்; அதை முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். வெந்நீரில் கரைசல் தயாரித்து, வடிகட்டி, ஆளுக்கொரு ஜாடியில் ஊற்றி, பெயர் ஒட்டி, பாதுகாப்புக் கண்ணாடியையும் கையுறையையும் எண்ணி எடுத்துவைக்க வேண்டும். நச்சுப் பொருள் என்பதால் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வர முடியாது. பிறகு நீலக் கறை படிந்த ஜாடிகளைக் கழுவ வேண்டும். இவ்வளவும் முடித்து உட்கார்ந்தால், “என் மகனுடைய படிகம் மட்டும் ஏன் சின்னதாக இருக்கிறது?” என்று ஓர் அம்மா கேட்டிருப்பார். பதில் எழுதியாக வேண்டும்.

தயாரிப்புக்கு 2 மணி, வகுப்புக்கு ஒன்றரை, எடுத்துவைக்கவும் கழுவவும் 1, பெற்றோருக்குப் பதில் சொல்ல அரை என்று வைத்தாலே வாரத்துக்கு 5 மணி நேரம். 10 வாரத்துக்கு 50. “என் பிள்ளைகளுக்காக எப்படியும் செய்யப்போகிற வேலைதானே” என்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் அவர்களுக்கு மட்டுமென்றால் பத்து ஜாடி கழுவியிருப்பீர்களா?

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, உங்கள் மணிச் சம்பளத்தையே அளவுகோலாக வைப்போம். அதை ஓர் அலகு என்போம். நீங்கள் சொன்ன கட்டணப்படி 8 பிள்ளைகளிடமிருந்து 10 வாரம் கொண்ட ஒரு பருவத்துக்கு வருவது 40 அலகு. அதில் கூடத்துக்கு 10 போகும். உபகரணங்களை 2 வருடம், வருடத்துக்கு 3 பருவம் பயன்படுத்தலாம் என்று வைத்தால் தேய்மானம் பருவத்துக்கு 4. காப்பீடு, அச்சுச் செலவு போன்றவற்றுக்கு 2. உங்கள் சொந்தப் பிள்ளைகள் இருவருக்கும் ஆகும் சாமான் செலவை யாரும் தரப்போவதில்லை, அதற்கு 2. மிஞ்சுவது 22. ஐம்பது மணி நேரத்துக்கு 22 என்றால், மணிக்கு 0.44. நாலு மணிச் சம்பளம் என்று நீங்கள் நினைத்தது, விடலாமா என்று கேட்கும் வேலையின் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

செலவு 18, உழைப்பு 50, ஆக 68. அதை 8 பேரால் வகுத்தால் பருவத்துக்கு ஆளுக்கு எட்டரை அலகு வருகிறது. நீங்கள் நினைத்த 5 அல்ல. இந்த எட்டரையை வையுங்கள். கூச்சப்பட்டு 6, 7 என்று இறங்காதீர்கள். தொடங்கிய பிறகு கட்டணத்தை ஏற்றுவது, அதுவும் தெரிந்தவர்களிடம், மிகவும் சங்கடமான காரியம்.

8 பேர் வரக்கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். “வருகிறோம்” என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பணம் கட்டிவிடுவதில்லை. 6 பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், எட்டரை வாங்கியும் உங்கள் உழைப்புக்கு மணிக்கு 0.66தான் கிடைக்கும். எனவே ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதற்குள் 6 பேராவது முழுப் பணமும் கட்டாவிட்டால் வகுப்பு இல்லை, கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வந்த நாளுக்கு மட்டும் காசு என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். மழை, சளி, விருந்தாளி என்று ஏதாவது ஒரு காரணத்தால் ஆள் குறையும். கூடத்தின் வாடகை குறையாது.

இதில் மெய்யான லாபம் எங்கே இருக்கிறது தெரியுமா? கட்டணத்தில் இல்லை, அதே பாடத்தைத் திரும்ப நடத்துவதில். அதே நாளில், அதே கூடத்தில், இன்னொரு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டாவது குழு ஒன்று வைத்தால், தயாரிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. மேசை விரித்தபடி இருக்கிறது. கூடுதலாக ஆவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். முதல் குழுவில் மணிக்கு 0.44 தந்த உங்கள் பழைய கட்டணமேகூட, இரண்டாவது குழுவில் வாடகை போக மணிக்கு 1.2 தருகிறது. எட்டரை அலகு வாங்கினால், குழுவுக்கு 6 பேர் வீதம் 12 பேர் சேர்ந்தாலே உங்கள் முழு மணிச் சம்பளமும் ஏறக்குறையக் கட்டுபடியாகிவிடும். ஒரே குழுவில் 12 பேரைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு பருவமும் புதுப்புதுச் சோதனைகளாகத் தேடி அலைவது ஆசிரியருக்கு உற்சாகம்தான், ஆனால் பணக்கணக்கில் அது நஷ்டம். நடத்திய 10 வகுப்புகளின் குறிப்பையும் சாமான் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த பருவம் புதுப் பிள்ளைகள் வரும்போது அதுதான் உங்கள் மூலதனம்.

மைக்ரோஸ்கோப்புக்காகச் சேமிப்பில் இப்போது கைவைக்காதீர்கள். முதல் பருவத்தை மைக்ரோஸ்கோப் தேவைப்படாத சோதனைகளோடு ஓட்டிவிடலாம். தேய்மானத்துக்கென்று கணக்கில் வைத்த 4 அலகைத் தனியே ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். கடன் வாங்குகிற பேச்சே வேண்டாம். ஒரு சம்பளத்தை நம்பி நடக்கும் குடும்பத்தில் ஆறு மாதச் செலவுக்கான பணம் அப்படியே இருக்க வேண்டும்.

முன்பணத்தில் பலர் சறுக்குகிறார்கள். முதல் நாளே 68 அலகு கணக்கில் வந்து விழும். அது இன்னும் உங்கள் பணமல்ல. பத்தில் ஒரு பங்கு, ஒவ்வொரு வகுப்பு முடியும்போதும்தான் உங்களுடையதாகிறது. நாலாவது வகுப்போடு நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் ஆறு வகுப்புக்கான பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அதனால் இதற்கென ஒரு தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுப்பது, நடந்து முடிந்த வகுப்புகளின் அளவுக்கு மட்டும்.

கூடப் பிறந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்ற யோசனையும் உங்களுக்கு வரும். எச்சரிக்கை. ஹோம்ஸ்கூலிங் குழுக்களில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்வது சகஜம். 8 பேரில் மூவர் அப்படி என்றால் பன்னிரண்டே முக்கால் அலகு போய்விடும். அது பருவம் முழுவதற்குமான கூடத்தின் வாடகையைவிட அதிகம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

இனி உங்கள் தோழிகள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இரண்டு பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்தால் 17 அலகு குறையும், அதாவது உங்கள் உழைப்புக்குரியதில் மூன்றில் ஒரு பங்கு. அதைவிட மோசம், காசு கட்டிய மற்றவர்களுக்கு அது தெரியவரும் நாள். “எல்லாருக்கும் ஒரே கட்டணம்தான் வைத்திருக்கிறேன். பணமாகத் தர முடியாவிட்டால் வாரம் ஒரு மணி நேரம் வந்து ஜாடி கழுவி, மேசை எடுத்துவைத்துத் தர முடியுமா?” என்று கேளுங்கள். 10 வாரத்துக்கு அது 10 மணி நேரம். எட்டரை அலகுக் கட்டணத்துக்கு நியாயமாகவே ஈடாகும். இசையோ தையலோ உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதாகச் சொன்னாலும் சரிதான், மணிக்கு மணி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் இப்படிப் பண்டமாற்றாக வருவதும் வருமான வரிக் கணக்கில் சேரும்.

சட்ட விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். வாரம் ஒன்றரை மணி நேரம் என்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அதை விரித்துக்கொண்டே போனால் நீங்கள் அறியாமலே பள்ளி நடத்துபவராகிவிடலாம். இங்கிலாந்தில், கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகள் 5 பேருக்கோ அதற்கு மேலோ முழுநேரக் கல்வி தரும் இடம் தனியார் பள்ளியாகப் பதிவு பெற்றாக வேண்டும். அதுபோல, வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வீட்டில் நடக்கும் தொழிலை உள்ளடக்காது. ரசாயனம் கையாளும் வகுப்பு என்று சொல்லியே, மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டைக் கேளுங்கள். பெற்றோரில் ஒருவர் வகுப்பு முடியும்வரை கூடத்திலேயே இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் பாதித் தலைவலி தீரும். கட்டணமாக வருவது அத்தனையும் வருமானம். கையில் ரொக்கமாக வாங்கினாலும் ரசீது போடுங்கள்.

முதல் பருவம் முழுக்க, இந்த வகுப்புக்காகச் செலவிடும் நேரத்தை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என்னுடைய 5 மணி நேரம் ஓர் அனுமானம்தான். உங்களுக்கு 4 ஆகலாம், 7 ஆகலாம். இரண்டு பருவம் முடிந்து, முதல் பருவத்தில் வந்தவர்களில் எத்தனை பேர் கேட்காமலே மறுபடி சேர்ந்தார்கள் என்பதையும், அந்த நோட்டில் உள்ள கூட்டுத்தொகையையும் எழுதி அனுப்புங்கள். புரூஃப் வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.