22 வருடம் பெட்டியில் கிடந்த கமடோர் 64: முதல் சந்தேகம் அடாப்டர் மேல்

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய கமடோர் 64 கணினி 22 வருடமாகப் பெட்டிக்குள் கிடந்தது. போன மாதம் எடுத்து டிவியோடு இணைத்தேன். நீலத் திரை உடனே வந்துவிட்டது. ஆனால் கால் மணி நேரத்தில் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் பரவி, அப்படியே நின்றுபோனது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி வருகிறது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்களான கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்கிறார் நண்பர். அப்பா எழுதிய புரோகிராம்கள் சில கேசட்டுகளில் இருக்கின்றன. வாரம் ஒருமுறையாவது தொல்லையில்லாமல் இது ஓட என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக அந்தப் பழைய அடாப்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று கை பரபரக்கும், தெரியும். வேண்டாம். உங்கள் கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கொல்லக்கூடிய பொருள் அந்த அடாப்டர்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். அந்தக் கனமான பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கணினிக்கு 9 வோல்ட் ஏசி மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கிறது. கூடவே, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றின் வழியாக 5 வோல்ட் டிசியும் போகிறது. பல அடாப்டர்களில் உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் ரெகுலேட்டர் வருடக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். அது கெடும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கெட்டால் பரவாயில்லை. ஆனால் பெரும்பாலும் மடை உடைந்த மாதிரி 5 வோல்ட்டுக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் கெடும். அந்த அடியை முதலில் வாங்குவது மெமரி சிப்கள். கணினிக்குள் ஃபியூஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது 9 வோல்ட் பாதையில்தான் இருக்கிறது, 5 வோல்ட் பாதையைக் காக்க எதுவும் இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். அடாப்டரின் பிளக்கைக் கணினியில் செருகாமல், ஊசிகளின் வரைபடத்தைப் பார்த்து 5 வோல்ட் ஊசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். இந்தத் தலைமுறைச் சிப்களுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை சரி. அதைத் தாண்டினால் அடாப்டரின் கதை முடிந்தது. ஆனால் வெறுமனே அளந்தால் முழு உண்மை தெரியாது. உங்களுடையது கால் மணி நேரம் கழித்துத் தடுமாறுகிறது அல்லவா, பாரம் ஏற்றிச் சூடாக்கித்தான் பார்க்க வேண்டும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதே இரண்டு ஊசிகளுக்கும் இடையில் இணைத்தால் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும், கணினி இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரை மணி நேரம் விட்டு, அவ்வப்போது அளவைப் பாருங்கள். ரெசிஸ்டர் கையைச் சுடும், தீப்பிடிக்காத பரப்பின்மேல் வையுங்கள்.

இந்தச் சோதனையில் தேறினாலும் அந்த அடாப்டரைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள் என்பதே என் ஆலோசனை. இன்றைக்கு 5.05 காட்டுவது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. இந்தக் கணினிக்கென்றே இன்று புதிதாகச் செய்து விற்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. மின்னழுத்தம் எல்லை தாண்டினால் நொடியில் துண்டித்துவிடும் சிறு காப்புக் கருவிகளும் உண்டு, அவற்றை அடாப்டருக்கும் கணினிக்கும் நடுவே மாட்ட வேண்டும். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுதான். புதிதாக வந்ததையும் அளந்த பிறகே செருகுங்கள். செல்போன் சார்ஜரை ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 9 வோல்ட் ஏசி இல்லாமல் ஒலியும், பழைய போர்டுகளில் (சிப்கள் பொருத்திய பலகை) படமும் வராது. விளக்கு எரிந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அந்த உள் ஃபியூஸைப் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

சரி, நல்ல மின்சாரம் கிடைத்துவிட்டது. இப்போதும் கால் மணி நேரத்தில் நின்றால் அடுத்த சந்தேகம் தொடர்புகள்மேல். சில சிப்கள் சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். இத்தனை வருடத்தில் அவற்றின் கால்களிலும் சாக்கெட்டின் உலோகத்திலும் மெல்லிய களிம்பு ஏறியிருக்கும். குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் உலோகம் விரியும்போது விட்டுப்போகும். என்னிடம் வந்த ஒரு பழைய கணினி 'செத்துவிட்டது' என்ற சீட்டோடு வந்தது. எல்லாச் சிப்களையும் மெல்லத் தூக்கி மறுபடி அழுத்தியதோடு அது எழுந்துகொண்டது. சால்டரிங் இரும்பைத் தொடவே இல்லை.

செய்யும் முறை இது. மின்சாரத்தை முழுக்கத் துண்டியுங்கள். தரையிணைப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். சிப்பின் ஒரு முனையில் வெட்டு அடையாளம் இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் செருகினால் சிப் போய்விடும். தட்டையான நெம்புகோலால் இந்த முனை கொஞ்சம், அந்த முனை கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தூக்குங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால்கள் வளையும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கால்களைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த சிப்களை அப்படியே விடுங்கள். ஆன் - ஆஃப் சுவிட்சையும் மறந்துவிட வேண்டாம். மின்சாரம் இல்லாத நிலையில் அதை 30 தடவை முன்னும் பின்னும் தள்ளினாலே உள்ளே இருக்கும் களிம்பு ஓரளவு உதிரும்.

மூன்றாவது, சூடு. மூடியைத் திறந்ததும் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று போர்டை மூடியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ரேடியோ இடையூறைத் தடுக்க வைத்தது அது, ஆனால் போர்வை போலச் சூட்டையும் பிடித்துவைக்கும். உலோகத் தகடாக இருந்து அதன் நாக்குகள் சிப்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் எடுக்கக் கூடாது. அது சூட்டை உறிஞ்சுகிறது, தொடும் இடத்தில் கொஞ்சம் வெப்பப் பசை வைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் கணினியைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து ஒவ்வொரு சிப்பையும் விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். படம் வரையும் சிப் நன்றாகச் சூடாவது இயல்பு. மெமரி சிப்கள் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். அவற்றில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் கொதித்தால் கெட்டது அதுதான். இந்தக் கணினியில் அடிக்கடி போவது பிஎல்ஏ என்ற சிப். எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுவது அதன் வேலை, அது உளறினால் திரை கறுப்பாகும் அல்லது குப்பை எழுத்துகள் வரும். அதற்கு மாற்றாகப் புதிதாகச் செய்தவை கிடைக்கின்றன. மற்றவற்றில் சிறிய அலுமினிய வெப்பத்தணிப்பான்கள் ஒட்டிவிட்டால் ஆயுள் கூடும்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் உங்கள் கணினிக்கு இது பொருந்தாது. கமடோர் 64 போர்டில் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றின்மேல் பாரமும் குறைவு. உப்பியோ கசிந்தோ இல்லையென்றால் தொட வேண்டாம். அனுபவமில்லாத கையில் சால்டரிங் இரும்பு பழைய போர்டின் செப்புத் தடங்களைப் பெயர்த்துவிடும். கெப்பாசிட்டரால் வராத பழுதைக் கெப்பாசிட்டர் மாற்றி வரவழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதுவே அமிகா 600 அல்லது 1200 ஆக இருந்தால் நானே உடனே மாற்றச் சொல்லியிருப்பேன். அவற்றின் போர்டில் ஒட்டிய சிறு கெப்பாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிக்கும், சூடாக்கும்போது மீன் வாடை வரும். பிபிசி மைக்ரோவாக இருந்தால் பவர் சப்ளையில் இருக்கும் தாள் வகைக் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகைந்துவிடும் முன்பே மாற்றிவிட வேண்டும். அமிகா 2000, பழைய மெக்கின்டாஷ் போன்றவற்றில் கடிகார பேட்டரியை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்வேன், அது கசிந்தால் போர்டையே தின்றுவிடும். ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு: அதன் 9 வோல்ட் அடாப்டரில் பிளக்கின் நடு ஊசி எதிர்மின். கையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடு ஊசி நேர்மின். ஆக, ஒவ்வொரு கணினிக்கும் அதற்கென்ற நோய் இருக்கிறது, பொது வைத்தியம் பலிக்காது.

விசைகள் சில வேலை செய்யாமல் இருந்தால் விசைப்பலகையைக் கழற்றி, அடியில் இருக்கும் பலகையை ஆல்கஹாலால் துடையுங்கள். விசைகளின் அடியில் இருக்கும் கரும் கார்பன் முனைகளை அழுத்தித் தேய்க்காதீர்கள், கார்பன் போனால் விசையும் போகும். ஜாய்ஸ்டிக்கை மாற்றும்போதெல்லாம் கணினியை அணைத்துவிடுங்கள். அந்த முனையின் ஊசிகளை விரலால் தொடவும் வேண்டாம். விசைப்பலகையையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒரே சிப்தான் கவனிக்கிறது. விரலில் இருக்கும் நிலைமின்சாரம் அதைக் கொன்றால் இரண்டும் ஒன்றாகப் போகும்.

மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள், நீங்கள் சொல்லும் வாரம் ஒருமுறை மிகவும் நல்லது. ஓடாத நாட்களில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் துணி மூடி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே தங்கும். பழைய ஸ்பாஞ்ச் உறைகளைத் தூக்கிப்போடுங்கள், அவை மக்கி ஒட்டும் பிசுக்காகிவிடும்.

கடைசியாக அப்பாவின் கேசட்டுகள். கணினிக்கு இன்னொன்று கிடைக்கும், அவற்றுக்கு மாற்று இல்லை. ஆகவே அவற்றைக் கமடோரின் பழைய டேப் கருவியில் இப்போது போடாதீர்கள். அதன் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், டேப்பைச் சுற்றி இழுத்துவிடலாம். முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், மேலே பதிவாகாது. டேப்பின்மேல் வெண்பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியே வையுங்கள், அதைச் சுத்தம் செய்யாமல் எதிலும் போடக் கூடாது. மற்றவற்றை நன்றாக ஓடுகிற சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டு, ஒருமுறை முழுக்க முன்னோக்கிச் சுற்றி, பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். பிறகு ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்து, ஒலியை இன்றைய கணினியில் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலியிலிருந்து புரோகிராமைப் பிரித்தெடுக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எடுத்ததை எமுலேட்டரில், அதாவது இன்றைய கணினியில் கமடோர்போல் நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓட்டிப் பார்த்து, அப்பா எழுதிய வரிகள் முழுசாக வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இந்த வேலைக்குக் கமடோர் தேவையே இல்லை, புதிய அடாப்டர் வந்துசேரும் வரை காத்திருக்கும் நாட்களிலேயே முடித்துவிடலாம்.