கொலஸ்ட்ரால்: எந்த எண் ஏறியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி – மருத்துவரும் உணவியல் நிபுணரும் இணைந்து தரும் பதில்கள்

கேள்வி: என் வயது 46. கடையில் உட்கார்ந்தே வேலை. மொத்த கொலஸ்ட்ரால் 238, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு 280, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 146 என்று வந்தது. பயந்துபோய்க் கறியையும் முட்டையையும் அடியோடு விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண்கள் அசையவே இல்லை. ஏன்?
– செல்லூர் வாசகர்

நீங்கள் விட்டது ஒன்று, ஏறியிருப்பது வேறொன்று. உங்கள் சீட்டில் முதலில் கண்ணில் பட வேண்டியது ட்ரைகிளிசரைடு 280. இது 150-க்குள் இருக்க வேண்டும். அடுத்தது எச்.டி.எல்.; ஆண்களுக்கு 40-க்கு மேல் வேண்டும், உங்களுக்கு 36தான். ட்ரைகிளிசரைடு கூடி, எச்.டி.எல். குறைந்து நிற்கும் இந்தச் சேர்க்கை நம் நாட்டில் மிகச் சாதாரணம். இதற்குப் பெரும்பாலும் காரணம் கறி அல்ல. சோறு, மைதா, சர்க்கரை, மது, இடுப்பைச் சுற்றிய சதை. தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் ட்ரைகிளிசரைடு. கறியை நிறுத்தியவர்கள் அந்த இடத்தை இன்னொரு கரண்டிச் சோற்றால் நிரப்பிக்கொள்வதுதான் வழக்கம். எண் எப்படி இறங்கும்?

கடையில் இருப்பவர்கள் முதலில் டீயைக் கணக்குப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 50 கிராம். நாள் முழுவதற்கும் 25 கிராமைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல் அல்லது அரைக் கரண்டியோடு என்று ஆக்குங்கள். மதியச் சோற்றுக்கு ஒரு ஆளுக்கு 75 கிராம் அரிசி, அதாவது வெந்த சோறு சுமார் 200 கிராம் போதும். தட்டில் பாதி இடம் காய்க்கு. இரவு பரோட்டாவை நிறுத்தி மூன்று இட்லியோ இரண்டு கேழ்வரகு அடையோ சாப்பிடுங்கள். ஜிகர்தண்டா வேண்டாம், பால், சர்க்கரை, சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே டம்ளரில் இருக்கிறது. மது அருந்துபவராக இருந்தால் அதை நிறுத்தினாலே ட்ரைகிளிசரைடு சில வாரங்களில் நன்றாக இறங்கும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் ட்ரைகிளிசரைடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம்.

இன்னொரு கணக்கையும் போட்டுவையுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்-ஐக் கழித்தால் 202 வருகிறது. ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களும் இதில் அடக்கம். இது 130-க்குள் வர வேண்டும். அடுத்த சோதனையோடு மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி-யையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வகைச் சீட்டு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் சத்தமில்லாமல் தொடங்கியிருக்கும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: எங்கள் வீடு சுத்த சைவம். எண்ணெய்ப் பாக்கெட்டிலும் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்றே போட்டிருக்கிறது. வயது 53. எனக்கு எப்படி எல்.டி.எல். 168 வந்தது?
– திருநகர் வாசகி

கொலஸ்ட்ரால் விலங்கு உணவில்தான் உண்டு. எந்தக் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே பாக்கெட்டில் உள்ள அந்த வரி உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும் வாங்கிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. நிறைகொழுப்பு (நெய், தேங்காய் எண்ணெய் போல உறையும் கொழுப்பு) அதிகம் சாப்பிட்டால் அந்த வாங்கிகள் குறைந்துவிடும், எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடும். சைவ வீட்டில் நிறைகொழுப்பு வரும் முக்கிய வழிகள் மூன்று: பால், நெய், தேங்காய்.

பாலை எடுத்துக்கொள்வோம். எல்.டி.எல். கூடியவர் நாளுக்குச் சுமார் 15 கிராம் நிறைகொழுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபுல் க்ரீம் பாலில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதம். காபி, டீ, தயிர் என்று ஒருவருக்கு 400 மில்லி செலவானால் 24 கிராம் கொழுப்பு. அதில் நிறைகொழுப்பு மட்டும் ஏறத்தாழ 15 கிராம். அன்றைய கணக்கு காபியிலேயே தீர்ந்துவிட்டது! சமன்படுத்திய பாலில் 3 சதவீதம், இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதம்தான். இருமுறை சமன்படுத்தியதற்கு மாறினால் அதே 400 மில்லியில் நிறைகொழுப்பு 4 கிராமுக்குள் வந்துவிடும். காபி தண்ணீராக இருக்கிறது என்று வீட்டில் குறை சொல்வார்கள். டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிப் பாலைக் குறைத்துக் கலந்தால் அந்தக் குறை பாதி தீரும். தயிருக்கும் இதே பாலில் உறை ஊற்றலாம். சற்று இளகலாக இருக்கும், அவ்வளவுதான்.

தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டியிலேயே 6 கிராம் வரை இருக்கிறது. காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் கூட்டு, பொரியல், இரவு குருமா என்று மூன்று வேளையும் அரைப்பதுதான் சிக்கல். ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வேளைக்குத் தக்காளிச் சட்னி, பொட்டுக்கடலைச் சட்னி, வெங்காயக் காரச் சட்னி என்று மாறிக்கொள்ளுங்கள். குருமாவைக் கெட்டியாக்கப் பொட்டுக்கடலையும் கசகசாவும் போதும்.

எண்ணெயை அளந்து பார்க்க எளிய வழி, மாதம் வாங்கும் அளவைத் தலைக்கு வகுப்பது. நால்வர் வீட்டில் 5 லிட்டர் செலவானால் ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 42 மில்லி. அது 15 முதல் 20 மில்லிக்குள் வர வேண்டும். அதாவது மாதம் 2 முதல் 2½ லிட்டர். காலையில் அன்றைய பங்கு 70 மில்லியைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிவைத்து, அதற்குள் சமையலை முடிப்பது பலன் தரும் பழக்கம். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் எடுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் மூன்றும் நல்லவை. மாற்றி மாற்றி வாங்கலாம். பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு. வனஸ்பதியும், அதில் செய்த பேக்கரி பஃப்ஸ், பிஸ்கட், கேக்கும் வேண்டாம். வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி அதில் பொரிக்கக் கூடாது. நுரைத்தாலோ, கறுத்தாலோ, சீக்கிரமே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

உங்கள் வயதுக்கு ஒரு விஷயம். மாதவிடாய் நின்ற பிறகு எல்.டி.எல். தானாகவே ஏறும். தைராய்டு குறைந்திருந்தாலும் ஏறும். அப்போது தைராய்டுக்கு மருந்து எடுத்தாலே கொலஸ்ட்ராலும் இறங்கிவிடும். டி.எஸ்.எச். சோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எங்கள் வீட்டில் முடியாது. எல்.டி.எல். 150. முழுக்க விட வேண்டுமா?
– உசிலம்பட்டி வாசகர்

வேண்டாம். வாரம் ஒருநாள், ஒருவருக்கு 75 முதல் 100 கிராம் கறி சாப்பிடலாம். ஆனால் எந்தக் கறி, எப்படிச் சமைப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும். கடையில் தொடைக்கறியாகக் கேளுங்கள். மேலே போடும் கொழுப்புத் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளையாக ஒட்டியிருப்பதைக் கத்தியால் நீக்குங்கள். கறியை மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, வெந்த நீரை அகலப் பாத்திரத்தில் தனியாக வடியுங்கள். அந்தப் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீருள்ள தாம்பாளத்தில் வைத்து ஆறவிட்டு, பிறகு ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறையும். மேலே வெள்ளைத் தகடாக நிற்பதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த நீரைக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ருசி குறையாது. நெஞ்செலும்புச் சாறு, பாயா இரண்டுக்கும் இதே முறைதான்.

மூளையை விட்டுவிடுங்கள். 100 கிராம் மூளையில் கொலஸ்ட்ரால் 1,300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம்தான். ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), குடல் ஆகியவை எப்போதாவது ஒரு துண்டு. கோலா உருண்டையைப் பொரிக்காமல் பணியாரச் சட்டியில் சுடலாம். முட்டையின் வெள்ளைக்குத் தடை இல்லை. உங்கள் எண்ணுக்கு மஞ்சள் கரு வாரம் மூன்று, நான்கு போதும். கறி தோசை, முட்டை பரோட்டா, சால்னா ஆகியவற்றில் எங்களுக்குக் கவலை தருவது முட்டையோ கறியோ அல்ல. கல்லில் ஊற்றும் எண்ணெயும், நாரே இல்லாத மைதாவும்தான்.

வாரத்தில் இன்னும் இரண்டு நாள் மீன் வாங்குங்கள். மத்தியும் அயிலையும் விலை குறைந்தவை, ஒமேகா-3 நிறைந்தவை. குழம்பாக வைக்க வேண்டும். முங்க எண்ணெய் ஊற்றிப் பொரித்தால் வாங்கியதன் பலன் போய்விடும்.

கேள்வி: ஓட்ஸ் சாப்பிடச் சொல்கிறார்கள். வாயில் வைக்க முடியவில்லை. நம் ஊர்ச் சாப்பாட்டில் மாற்று உண்டா?
– மேலூர் வாசகி

தாராளமாக உண்டு. ஓட்ஸில் வேலை செய்வது தண்ணீரில் கரைந்து கூழாகும் நார். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்தநீரைத் தயாரிக்கிறது. இந்த நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்-ஐ இழுத்துக்கொள்ளும். இதே வேலையை மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா எல்லாம் செய்யும். பார்லி அரிசியில் இருப்பது ஓட்ஸில் உள்ள அதே வகை நார்தான். 40 கிராம் பார்லியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, மோர் கரைத்துச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் காலைக் கஞ்சி தயார். பார்லித் தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டு அரிசியைக் கொட்டுகிறவர்கள் பலர். நாரில் பெரும்பகுதி கொட்டியதில் போய்விடும்.

பயறு நாளுக்கு ஒரு கிண்ணம், வெந்தது. வாயு பிடிக்கும் என்று பயந்தால் முதல் வாரம் கால் கிண்ணம், அடுத்த வாரம் அரைக் கிண்ணம் என்று ஏற்றுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். இசப்கோல் உமி நாளுக்கு 10 கிராம் எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் குறையும். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், மலமும் கட்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

குதிரைவாலியும் சாமையும் நல்லவைதான். ஆனால் சிறுதானியம் என்ற நம்பிக்கையில் இரண்டு தட்டு சாப்பிட்டால் மாவுச்சத்துக் கணக்கு அரிசியை எட்டிவிடும்.

கேள்வி: தினமும் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் 45 நிமிடம் நடக்கிறேன். எல்.டி.எல். இறங்கவில்லையே?
– அண்ணா நகர் வாசகர்

நடையை விடாதீர்கள். நடையால் ட்ரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறையும், எச்.டி.எல். கொஞ்சம் கூடும். எல்.டி.எல்-ஐ நடை மட்டும் பெரிதாகக் குறைக்காது. அது தட்டில்தான் குறைய வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்கிறீர்களா என்று பாருங்கள். முடிந்ததும் டீக்கடையில் இரண்டு வடை என்றால் எரித்தது திரும்ப ஏறிவிடும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ வந்தால் உடனே நின்றுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உட்கார்ந்தும் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் கணவருக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எல்.டி.எல். 62. மாத்திரையை நிறுத்தி, மருதம்பட்டையும் பூண்டும் கொடுக்கலாமா?
– வாடிப்பட்டி வாசகி

நிறுத்தக் கூடாது. 62 என்பது மாத்திரை போட்டதால் வந்த எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே திரும்பும். ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு இலக்கு 55-க்கும் கீழே. எனவே அடுத்த சந்திப்பில் அளவைக் கூட்டுவது பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். உணவு மாற்றத்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் குறையலாம். ஸ்டேட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். இரண்டும் சேர்ந்துதான் அவருக்குப் பாதுகாப்பு. பூண்டு சமையலில் இருக்கட்டும். அதன் பலன் சிறிது. மருதம்பட்டை இந்த மாத்திரைக்கு ஈடாகும் என்று சொல்ல ஆதாரம் போதாது. இரு தொடையிலும் தோளிலும் புதிதாக வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையையோ அளவையோ மாற்றித் தருவார். சிறுநீர் கறுத்து, உடம்பு தளர்ந்தால் அன்றே காட்ட வேண்டும்.

கேள்வி: எனக்கு எல்.டி.எல். 230. ஒல்லியான உடம்பு, சாப்பாடும் அளவுதான். அப்பா 48 வயதில் மாரடைப்பில் இறந்தார். 24 வயது மகளுக்கும் பார்க்க வேண்டுமா?
– திருமங்கலம் வாசகர்

கட்டாயம் பாருங்கள். எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிறவியிலேயே எல்.டி.எல். வாங்கிகள் குறைவாக இருப்பதுதான் காரணம்; உங்கள் சாப்பாட்டின் மேல் பழி இல்லை. இந்த நோயை ஆராயும்போதுதான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் அந்த வாங்கிகளையே கண்டுபிடித்தார்கள். 1985-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உடன்பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் தசைநார் தடித்திருக்கிறதா, கண் இமையோரம் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

உங்களுக்கு மாத்திரை இல்லாமல் உணவால் மட்டும் முடியாது. இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். மகளுக்கும் மாத்திரை தேவைப்பட்டால், திருமணம், குழந்தைத் திட்டம் பற்றி மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். கருத்தரிக்கும் காலத்தில் ஸ்டேட்டினைப் பொதுவாக நிறுத்திவைப்பார்கள். சோதனைக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகட்டும். காய்ச்சல் வந்து தேறிய வாரமாக இருந்தால் இன்னும் சில வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. நோயின்போது எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும்.