லயத்தில் தொல்லியலுக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்காவின் வடகிழக்கில் இருநூறு ஆண்டுகூட ஆகாத குடியிருப்புகளை அகழ்ந்து ஆய்கிறார்களாமே. இலங்கையில் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் அப்படிச் செய்ய இடமுண்டா?

தாராளமாக உண்டு. தோட்டத்தில் வளர்ந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தவன் நான்; பதில் கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாவணம் உள்ள காலத்தை மண்ணிலும் தேடுவதுதான் வரலாற்றுத் தொல்லியல். ஆவணம் இருக்கும்போது தோண்டுவானேன் என்பவர்களுக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரைக் காட்டலாம். அங்கே பூட் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தங்கிய கம்பனி விடுதிகளின் பின்முற்றங்களை மேரி போட்ரி, ஸ்டீபன் ம்ரோசோவ்ஸ்கி ஆகியோரின் குழு 1980களில் ஆராய்ந்தது. விடுதியில் குடிக்கக் கூடாது என்பது கம்பனி விதி. மண்ணுக்குள் கிடந்தவையோ மதுப் போத்தல்கள்! கூடவே மருந்துக் குப்பிகள், பொத்தான்கள், களிமண் புகைக்குழாய்கள். வேலை முடிந்த பிறகு அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கணக்கேடு சொல்லவில்லை, குப்பை சொன்னது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான நம் லயங்களும் கம்பனி வீடுகள்தானே? 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்தியாவிலிருந்து வந்திறங்கி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்த தொழிலாளர்கள் எந்தச் சட்டியில் சமைத்தார்கள், எதைச் சுமந்து வந்தார்கள், எதை வழியில் போட்டுவிட்டார்கள்?

சட்டம்தான் முட்டுக்கட்டை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்த நாள் அது. நம்மவர்கள் கோப்பிக்காக மலையேறியதோ 1820களில்! பிந்தியவற்றுக்குத் தனியாக வர்த்தமானி அறிவிப்பு வேண்டும். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்காகக் கேட்க ஆள் வரும். லயத்துக்கு யார் கேட்பார்?

அதற்காக லயத்தை இடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தையே அடைத்துவைத்த வரிசை அது, போகட்டும். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயம் தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. எல்லா லயத்தையும் அப்படி வைத்திருக்கவும் முடியாது. இடிப்பதற்கு முன் அளந்து வரைந்து படமெடுக்க ஒரு நாள் தந்தால் போதும். காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், தண்ணீர் பிடிக்கும் பீலி, வடிகாலான கான், காவல் தெய்வமான மாடசாமி கல், இஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காவலிருக்கும் ரோதைமுனிச் சாமி எல்லாம் அந்த வரைபடத்தில் வர வேண்டும். தோட்டத்தைக் குறிக்கும் எண்ணோடு அன்று தொழிலாளர் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், வாங்கிப் போகாமல் அங்கேயே படமெடுங்கள்.

மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். அனுமதிப்பத்திரமில்லாமல் தொல்பொருளுக்காக அகழ்வது சொந்தக் காணியிலும் குற்றம். புதையல் தோண்டினீர்கள் என்று பொலிஸ் பிடித்துப் போகும். அடுத்து எந்த லயத்தை உடைக்கப்போகிறார்கள் என்று தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.