ஆகஸ்ட் பேக்கேஜில் பறவை எங்கே?

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 63, மனைவிக்கு 58. பறவை பார்ப்பது இருபது வருடப் பழக்கம். வேடந்தாங்கல், கூந்தன்குளம், தட்டேக்காடு எல்லாம் பார்த்தாயிற்று. ஆகஸ்டில் கென்யா போக ஓர் ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். மாசாய் மாராவில் மூன்று இரவு, நகுரு ஏரியில் ஓர் இரவு, நைரோபியில் ஓர் இரவு. விமானம் தவிர்த்து ஆளுக்கு 1,35,000 ரூபாய், 'பார்க் கட்டணம் உட்பட'. நகுருவில் லட்சக்கணக்கில் பூநாரை இருக்கும் என்கிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி கென்யாவில் கேட்பதே இல்லையாம். தேவைப்பட்டால் 'கார்டு' தானே வாங்கித் தருவாராம். முன்பணம் கட்டலாமா? (சேலம் வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். கென்யா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் திட்டத்துக்குக் கட்டாதீர்கள்.

முதலில் கணக்கு. மாசாய் மாரா தேசியப் பூங்கா அல்ல. நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கும் காப்பகம். கட்டணம் நிர்ணயிப்பதும் அவர்களே. 2024-இல் அதை மாற்றினார்கள். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 'நாள்' என்றால் காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம். மூன்று இரவு காப்பகத்துக்குள்ளேயே தங்கினால் ஆளுக்கு மூன்று நாள் கட்டணம், அதாவது 600 டாலர். நம் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல். மீதி 85,000-க்குள் ஐந்து இரவு அறை, சாப்பாடு, வண்டி, டிரைவர், டீசல், நகுரு நுழைவு, அப்புறம் ஏஜென்டின் லாபம். ஆகஸ்ட் சீசனில் இது ஒத்துவராது.

பிறகு எப்படி அந்த விலைக்குத் தருகிறார்? தங்குமிடம் காப்பக எல்லைக்கு வெளியே இருக்கும். பெயரில் மட்டும் 'மாரா' இருக்கும். முதல் நாள் மாலை 'சஃபாரி' என்று வாயிலுக்கு வெளியே ஒரு சுற்று. மறுநாள் முழுதும் உள்ளே. மூன்றாம் நாள் காலையில் மாசாய் கிராமம், குதித்து ஆடும் நடனம், பாசிமணி விற்பனை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், டிக்கெட் வாங்கி உள்ளே இருக்கப்போவது ஒன்றரை நாள். வெளியே தங்குவதில் ஒரு தப்பும் இல்லை, செலவும் குறையும். அதைச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும், அவ்வளவுதான். 'எத்தனை நாள் டிக்கெட்? என் பெயரில் ரசீது வருமா?' என்று எழுத்தில் கேளுங்கள்.

ரசீதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நானே பட்டிருக்கிறேன். ஒருமுறை ஆறு பேருடன் வாயிலில் நிற்கிறோம். பணியாளர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். எங்கள் ஏற்பாட்டாளர், கென்யாவில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணத்தில் டிக்கெட் போட்டு, வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். விடியற்காலை ஒன்றரை மணி நேரம் வாயிலிலேயே போனது. அந்த நேரத்தில்தான் சிங்கம் நடமாடும், பறவை பாடும். நாங்கள் பார்த்தது வாயில் கூரையில் உட்கார்ந்திருந்த பளபளப்பு மைனாக்களைத்தான்.

இன்னொரு கொடுமை. உள்ளே தங்குகிறவர்கள் கடைசி நாள் காலை 10 மணிக்குள் வாயிலைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். ஆகஸ்டில் அது 200 டாலர், இரண்டு பேருக்கு 400. டிரைவர் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்ததற்கு நீங்கள் தண்டம் கட்டவேண்டியிருக்கும். மாராவின் கட்டணம் மாவட்டத்துக்கு, நகுருவின் கட்டணம் கென்ய வனவிலங்குத் துறைக்கு, அதுவும் ரொக்கம் வாங்கமாட்டார்கள். ஒரே நாட்டில் ஆளுக்கொரு கல்லா, ஆளுக்கொரு சட்டம். சுற்றுலாப் பயணியை வாழவைக்கும் தெய்வம் என்கிறார்கள். அந்தத் தெய்வத்தை இப்படியா கவுன்டர் கவுன்டராக அலையவிடுவது?

சரி, ஆகஸ்ட் எதற்கு? வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் கூட்டம் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்கு வந்து, முதலைகளுக்கு நடுவே ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு. ஜூலை முதல் அக்டோபர் வரை அதுதான் வியாபாரம். நீங்கள் எழுதிய கடிதத்தில் வில்டபீஸ்ட் என்ற சொல்லே இல்லை. பறவைக்காகப் போகிறவர் ஏன் இரட்டைக் கட்டணம் கட்டவேண்டும்? ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து வலசை வரும் பறவைகள் கென்யாவில் தங்குவது ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரியில் போனால் அவையும் இருக்கும், உள்ளூர்ப் பறவைகளும் இருக்கும், பெரிய மழையும் இராது, மாரா கட்டணமும் பாதி. கென்யாவில் பதிவான பறவை இனங்கள் 1,100-ஐத் தாண்டும். அதில் ஒரு பகுதியைப் பார்க்கவே உங்களுக்கு ஐந்து நாள் போதாது.

நகுரு பூநாரை என்பது பழைய காலண்டர் படம். 2010-க்குப் பிறகு அந்த ஏரியின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போய், பூங்காவின் பழைய வாயிலே தண்ணீருக்குள் போய்விட்டது. சிறிய பூநாரை தின்பது உவர்நீரில் வளரும் நுண்பாசியை. தண்ணீர் பெருகி உப்புச் செறிவு குறைந்ததும் பாசி குறைந்தது, பறவை இடம் மாறியது. இப்போது கூட்டமாகப் பார்க்க நல்ல வாய்ப்பு இன்னும் வடக்கே உள்ள போகோரியா ஏரியில், வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும் கரையில். அங்கும் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும். 'லட்சம் உறுதி' என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். போகோரியாவுக்குப் பக்கத்திலேயே பரிங்கோ ஏரி. அங்குள்ள உள்ளூர் வழிகாட்டிப் பையன்கள் பகலில் தூங்கும் ஆந்தையைக் கூட மரம் மரமாகத் தேடிக் காட்டுவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பரிங்கோவுக்கு இரண்டு இரவு ஒதுக்குவேன்.

வண்டியைப் பற்றி உங்கள் ஏஜென்ட் எதுவும் சொல்லவில்லை. அதனால் அது பகிர்வு வேன்தான். அதில் என்ன நடக்கும் தெரியுமா? பாதையோர வேலமரத்தின் மொட்டைக் கிளையில் இளஊதா மார்புப் பனங்காடை உட்கார்ந்திருக்கும். நம் ஊர்ப் பனங்காடைக்கு உறவு. ஆனால் வண்ணப்பெட்டியைக் கவிழ்த்தது போல இருக்கும். நீங்கள் பைனாகுலரைத் தூக்கி ஃபோகஸ் திருப்பும் நேரத்தில் ரேடியோவில் 'சிம்பா' என்று ஒரு குரல். சுவாஹிலியில் சிங்கம். வேன் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும், பனங்காடை புழுதிக்குள் போய்விடும். மற்ற நான்கு பேரும் சிங்கத்துக்காக வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே பறவை பார்ப்பவருக்குத் தனி வண்டி ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை. ஒரு நாளைக் குறைத்தாவது தனி வண்டி எடுங்கள். டிரைவர் பறவை தெரிந்தவரா என்று முன்பே கேளுங்கள். கென்யாவில் வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறார்கள். வெள்ளித் தர வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வண்டி ஏறியதும் 'ண்டெகே, போலே போலே' என்று சொல்லுங்கள். பறவை, மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். ண்டெகே என்றால் விமானமும்தான். சிரிப்பார், ஆனால் புரிந்துகொள்வார்.

இப்போது ஊசி. உங்கள் கடிதத்திலேயே என்னைக் கோபப்படுத்தியது இதுதான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்பதில்லை, உண்மை. கேட்கப்போவது நம் நாடு, நீங்கள் திரும்பி வரும்போது. இந்தியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால் சான்று இல்லாமல் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். உங்களுக்கு வசதி சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று விசாரித்து, பாஸ்போர்ட்டோடு போங்கள்.

உங்கள் வயதுதான் இங்கே சிக்கல். இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். 60 தாண்டினால் போடவே கூடாது என்று அர்த்தம் இல்லை. போடுவதா என்று மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். போடவேண்டாம் என்று அவர் முடிவு செய்தால், மருத்துவ விலக்குச் சான்று எழுதித் தருவார். அந்தச் சான்றை வைத்துக்கொண்டாலும் விமான நிலையச் சுகாதார அதிகாரி உங்களைத் தனிமைப்படுத்த நினைத்தால் படுத்தலாம். அதற்கு மனத்தயார் இருந்தால் மட்டும் விலக்கோடு பயணம் போங்கள். மனைவிக்கு 58 என்பதால் வயதுச் சிக்கல் இல்லை, மற்றக் கேள்விகள் அவருக்கும் உண்டு. ஏஜென்ட் 'வாங்கித் தரும்' கார்டு போலிச் சான்று. மாட்டினால் மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.

நுழைவு அனுமதியை 2024 முதல் கென்யா இணையத்தில்தான் தருகிறது. கட்டணம் 30 டாலரைச் சற்றுத் தாண்டும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இரண்டு மடங்கு மூன்று மடங்கு பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் கேஈ' என்று முடியும். பாஸ்போர்ட், போட்டோ, போகவர விமான விவரம், தங்குமிட முன்பதிவு எல்லாம் கையில் இருந்தால் நீங்களே போட்டுவிடலாம்.

அப்புறம், முறுக்கு, அதிரசம் கட்டிக்கொண்டு போவீர்கள். பாலித்தீன் கவரில் வேண்டாம்; 2017-லிருந்து அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் துணிப்பையில் வையுங்கள்.