'300 கிலோ தாங்கும்' கேம்பிங் கட்டில்: நம்பி வாங்கலாமா?

கேள்வி: முட்டம் கடற்கரைப் பக்கம் உறவினரின் தென்னந்தோப்பில் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். என் எடை 96 கிலோ. இடுப்பு வலி உண்டு. தெரிந்த ஒருவர் 300 கிலோ தாங்கும் என்று ஓர் இரும்பு மடக்குக் கட்டிலை வாட்ஸ்அப்பில் காட்டுகிறார். வாங்கலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: வாங்காதீர்கள். அந்த 300 கிலோ பெரும்பாலும், அசையாத பாரத்தைக் கட்டில் முழுக்கச் சீராகப் பரப்பி வைத்தால் தாங்கும் கணக்கு. நாம் அப்படியா படுக்கிறோம்? ஓரத்தில் பொத்தென்று உட்காரும்போதும் கையூன்றி எழும்போதும் பாரமெல்லாம் ஓரிரு மூட்டுகளில்தான் இறங்கும். யார், எப்படிச் சோதித்துக் கண்ட எண் என்று கேளுங்கள், பதில் வராது.

கடலோரத்தில் இரும்பு வேண்டவே வேண்டாம். மடக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்ததும் உப்புக்காற்று ரிவெட் ஆணியைப் பிடித்துக்கொள்ளும். குழாய்க்குள் ஏறும் துரு வெளியே தெரியாது. ரிசார்ட்டில் கழித்துப்போட்ட கட்டிலுக்குப் பெயின்ட் அடித்து, இடையில் கமிஷன் எடுத்து விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அலுமினியச் சட்டம் போட்டதைக் கடைக்கே போய் வாங்குங்கள். கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். குழாயில் ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. மூட்டிலுள்ள பிளாஸ்டிக்கை வளைத்துப் பாருங்கள், வெள்ளைக் கோடு விழுந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், கூச்சப்படாமல் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். துணி தொய்ந்து இடுப்பு குழிக்குள் இறங்கினால் உங்களுக்கு ஆகாது. இழுத்துக் கட்டிய துணியும், மேலே இரண்டு அங்குலக் கெட்டி ஃபோமும் போதும். காற்று மெத்தை வேண்டாம். ஒரு முள் குத்தினால் போச்சு.

மணலில் போடுவதாக இருந்தால் இன்னொன்று. தனித்தனிக் குழாய்க் கால் உள்ளது சரிப்படாது. ஒரு கால் மட்டும் புதைந்தாலே சட்டம் முறுக்கிக்கொள்ளும். நல்ல கட்டிலும் அங்கேதான் உடைகிறது. தரையில் நீளமாகப் படியும் கம்பிக் கால் உள்ளதாக எடுங்கள். கிடைக்கவில்லையா, ஒவ்வொரு காலுக்கும் அடியில் கையகலப் பலகைத் துண்டு வையுங்கள். ஒரு காலுக்குக்கூட விட்டுவிடாதீர்கள். படுத்து எழுந்த பிறகு நான்கும் சமமாக நிற்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். காய்த்த தென்னைக்கு நேர் கீழே போடவே கூடாது.

பில் கேட்டு வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி மூன்றும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். 2011-லேயே விதி வந்துவிட்டது. இருந்தும் இவை எதுவும் அச்சாகாத பெட்டிகள் கடை கடையாக விற்கின்றன. வந்து பார்க்க வேண்டிய அதிகாரிகளை எங்கே காணோம்? வாங்குகிறவன் தலையில்தான் எல்லாம் விடிகிறது. ஏமாந்தால் சும்மா இருக்காமல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பில் இருந்தால்தான் உங்கள் பேச்சு எடுபடும்.