நீதிபதி மீது ஒரு புகார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டெல்லியில் வீடு தீப்பிடித்தபோது பணக்கட்டுகள் கிடந்ததாகப் புகாருக்கு ஆளான நீதிபதி யஷ்வந்த் வர்மா விவகாரம் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, நீதிபதிகளின் நடத்தைக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்ல வேண்டிய நீதிபதியை அரசு கொண்டுவரும் சட்டமே கட்டிப்போட்டால் சாமானியன் எங்கே போவான்? நீதிபதிகளின் நடத்தையையும் அவர்கள் மீதான புகார்களையும் பற்றி 2010இல் வந்த மசோதா காலாவதியானது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன். நீதிபதிகள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட நெறிமுறை போதாதா?

ஆர்.,
திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

உங்கள் பயத்துக்கு அந்த மசோதாவிலேயே காரணம் இருந்தது. புகார்களுக்காக அது அமைக்கச் சொன்ன ஐவர் குழுவில் அட்டர்னி ஜெனரலுக்கும் ஓர் இடம். அவர் அரசின் தலைமை வழக்கறிஞர். காலையில் ஒரு நீதிபதி முன்னால் அரசுக்காக வாதாடியவர், மாலையில் அதே நீதிபதி மேல் வந்த புகாரை எடுத்துவைத்துக்கொண்டு உட்காரலாமா? கூடவே கூடாது.

ஆனாலும் அது காலாவதியானது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் அரசு ஊழியராக இருந்தவர், ஒழுங்கு விதிகளில் 17ஏ, 17பி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னத் தவறுக்கு 17ஏ மெமோ, கண்டிப்பு, ஊதிய உயர்வு நிறுத்தம். பெரிய தவறுக்கு 17பி, விசாரணை, பணிநீக்கம் வரைக்கும். மாவட்ட நீதிபதிக்குக்கூட உயர் நீதிமன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு மட்டும் சட்டத்தில் இருப்பது ஒன்றே ஒன்று, பதவி நீக்கம். அதற்கும் மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும், விசாரணைக் குழு குற்றம் என்று சொல்ல வேண்டும், பிறகு இரு அவைகளிலும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரவு விழ வேண்டும்.

நீதிபதியைத் தண்டிக்கும் அதிகாரம் அரசு கையில், அரசியல்வாதி கையில் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். இப்போது அது யார் கையில் இருக்கிறது? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன நீதிபதி வி. ராமசாமியின் கதையைப் பாருங்கள். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்குச் செய்த செலவுகள் பற்றிய புகார். மூன்று நீதித்துறையாளர் கொண்ட குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆளும் காங்கிரஸ் தரப்பு உட்பட 205 பேர் அவையில் உட்கார்ந்துகொண்டே வாக்களிக்கவில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேரின் ஆதரவு கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் வரை அவர் உச்ச நீதிமன்ற நீதிபதிதான்.

நெறிமுறை பற்றிக் கேட்டீர்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 16 அம்சங்களும் நல்லவைதான். நெருங்கிய உறவினர் தன் முன்னால் வாதாடக் கூடாது, உறவினர், நண்பர் அல்லாதவரிடம் பரிசு வாங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. மீறினால் என்ன செய்வது என்பதுதான் இல்லை. 1999இல் வந்த உள்விசாரணை முறையில் இந்தியத் தலைமை நீதிபதி அறிவுரை சொல்லலாம், ராஜினாமா செய்யச் சொல்லலாம், வேலை தராமல் நிறுத்திவைக்கலாம். ராஜினாமா செய்ய மறுத்தால் மறுபடி நாடாளுமன்றம்தான்.

எங்கள் பெரியப்பா நிலத் தகராறில் மேல்முறையீடு வரை போனவர். எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீலின் வீட்டு விசேஷத்தில், வழக்கு நடக்கும்போதே அந்த நீதிபதியைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் வக்கீல், "மனுவ நான் எழுதித் தர்றேன், கையெழுத்து நீங்க மட்டும் போடுங்க. நாளைக்கும் நான் அங்கதான் நிக்கணும்" என்றார். இரண்டு பக்கம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பன்னிரண்டு நாளில் அட்டை திரும்பி வந்தது. ஊதா நிற முத்திரை, கோணலாக ஒரு இனிஷியல். அவர் சாகும்வரை கிடைத்த பதில் அது மட்டும்தான். பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார். அவர் பார்த்தது சரிதானா என்று எனக்குத் தெரியாது. தவறாகவே இருக்கட்டும். விசாரித்தோம், ஆதாரமில்லை என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். அந்த நீதிபதியின் பேரிலும் எங்கள் வீட்டில் இன்றுவரை சந்தேகம் மிஞ்சியிருக்காது.

2010 மசோதா இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தது. புகாரைக் கொடுக்க ஒரு இடம், அறிவுரை, எச்சரிக்கை என்று பதவி நீக்கத்துக்குக் கீழே சில படிகள், சட்டப்படி கட்டாயமான சொத்துக்கணக்கு. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்துவிவரம் 2025 மே மாதத்தில் வெளியானது அவர்களே எடுத்த முடிவால். அது உயர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதே மசோதா பொய்ப் புகாருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்றும் எழுதிவைத்திருந்தது. பெரியப்பா அதைப் படித்திருந்தால் தபால் நிலையம் பக்கமே போயிருக்க மாட்டார்.

2012 மார்ச்சில் மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்டாமல், 2014இல் மக்களவை கலைந்ததோடு போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதென்றால் அட்டர்னி ஜெனரலை வெளியே எடுக்க வேண்டும். சிறைத் தண்டனை வேண்டாம். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி மீதான புகாரை அதே நீதிமன்றத்து சக நீதிபதிகளே முதலில் பார்ப்பது என்ற ஏற்பாட்டை மாற்றி, வேறு மாநிலத்தவர் பார்க்கட்டும். புகார் கொடுத்தவருக்கு முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேரட்டும். அப்படி ஒரு மசோதா வந்தால் நான் ஆதரிப்பேன். நீங்களும் எதிர்க்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.